இசை நுட்பமும் இறையருளும்: அமெரிக்கக் கறுப்பின மக்களின் காஸ்பெல் இசை

பக்தி மார்க்கத்தில் சிறிது தூரம் நடந்த சாதகனின் உள்ளத்தில் ஒருநாள் ஓர் ஐயம் எழுந்தே தீரும். பஜனையின்போது நெஞ்சம் உருகுகிறது, கண்ணீர் பெருகுகிறது, 'நான்' என்ற நினைவு சற்று நேரம் மறைகிறது. இது இறைவனின் அருளால் நிகழ்ந்ததா, அல்லது ராகமும் தாளமும் கூடி மனத்தில் எழுப்பிய ஒரு கிளர்ச்சிதானா? ராகமும் தாளமுமே காரணம் என்றால், தேர்ந்த வித்துவான் எவரும் வேண்டியபோது இறையனுபவத்தை வரவழைத்துவிடலாம் என்று ஆகிவிடும். அருள் ஒன்றே காரணம் என்றால் மிருதங்கமும் ஜால்ராவும் ஹார்மோனியமும் எதற்கு? மௌனமாக அமர்ந்திருந்தாலே போதுமே!

இந்த ஐயம் நமக்கு மட்டும் உரியதன்று. இசையை வழிபாட்டின் உயிராகக் கொண்ட மரபுகள் அனைத்தும் இதனைச் சந்தித்துள்ளன. அவற்றுள் ஒன்று அமெரிக்காவின் கறுப்பின மக்களுடைய கிறிஸ்தவ வழிபாட்டு மரபு. 'காஸ்பெல்' என்னும் சொல்லுக்கு 'நற்செய்தி' என்று பொருள். அச்சொல்லே அம்மக்களின் பக்தி இசைக்கும் பெயராயிற்று. அங்கே இசை நுட்பம் மிக உயர்ந்த நிலையை எட்டியுள்ளது. அதே சமயம், நுட்பம் ஒருபோதும் அருளுக்கு ஈடாகாது என்ற எச்சரிக்கையும் தலைமுறை தலைமுறையாக ஒலித்துவருகிறது. இவ்விரண்டும் எவ்வாறு ஒருங்கே நிலைபெற முடியும் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பறிக்கப்பட்ட முரசு

1619-இல் ஆப்பிரிக்கர் சிலர் வர்ஜீனியாக் குடியேற்றத்திற்குக் கொண்டுவரப்பட்டனர். 1865-இல் அமெரிக்க அரசியல் சட்டத்தின் 13-ஆம் திருத்தம் அடிமை முறையை ஒழித்தது. இடைப்பட்ட ஏறத்தாழ இரண்டரை நூற்றாண்டுகளில் அம்மக்கள் தங்கள் மொழியை இழந்தனர், பெயரை இழந்தனர், பெற்ற பிள்ளைகளைக்கூடச் சந்தையில் இழந்தனர். 1739-இல் தென் கரோலினாவில் அடிமைகளின் கிளர்ச்சி ஒன்று வெடித்தது. அதனை அடுத்து 1740-இல் இயற்றப்பட்ட சட்டம், அவர்கள் முரசும் கொம்பும் ஒலிப்பதைத் தடை செய்தது. முரசொலி கிளர்ச்சிக்கான அழைப்பாகிவிடும் என்று எசமானர்கள் அஞ்சினர். அவர்களுக்கு எழுதக் கற்பிப்பதையும் அதே சட்டம் குற்றமாக்கியது.

முரசைப் பறிக்கலாம், கைகளையும் கால்களையும் பறிக்க முடியுமா? உள்ளங்கைகளே தாளமாயின, மரத்தரையே முரசாயிற்று. வேலை முடிந்த இரவுகளில் காட்டின் மறைவிடங்களில் கூடி வழிபட்டனர். தென் கரோலினா, ஜார்ஜியா கடலோரத் தீவுகளில் 'ரிங் ஷௌட்' என்ற வழிபாட்டு முறை வேரூன்றியது. 'ஷௌட்' என்பதைத் தமிழில் 'கூச்சல்' என்று பெயர்த்தால் பொருள் கெட்டுவிடும். அது உடலால் செய்யும் வழிபாடு. பாட்டும் கைத்தட்டலும் தொடர, வழிபடுவோர் வட்டமாக, இடஞ்சுழியாக, பாதங்களைத் தரையில் தேய்த்தபடி நகர்ந்துகொண்டே இருப்பார்கள். ஒரு கால் மற்றொரு காலைத் தாண்டக் கூடாது என்பது கண்டிப்பான விதி. தாண்டினால் அது உலகியல் நடனமாகிவிடும் என்பது முதியோரின் தீர்ப்பு. எழுத்தறிவு மறுக்கப்பட்ட அம்மக்கள் கேளிக்கைக்கும் வழிபாட்டிற்கும் இடையே எவ்வளவு நுண்ணிய எல்லை வகுத்திருந்தார்கள் என்பதை இங்கே கவனிக்க வேண்டும்.

இக்கூட்டங்களில் பிறந்தவையே 'ஸ்பிரிச்சுவல்' எனப்படும் பாடல்கள். மோசே, தானியேல், யோர்தான் நதி என்று பைபிளின் பெயர்கள் அவற்றில் நிறைந்திருக்கும். எகிப்தில் அடிமைப்பட்ட இஸ்ரவேலரின் கதையில் அவர்கள் தங்கள் கதையைக் கண்டனர். 1867-இல் வடபகுதியைச் சேர்ந்த மூவர் இப்பாடல்களைத் திரட்டி முதன்முதலாக நூலாக வெளியிட்டனர். அந்தக் குரல்களின் வளைவுகளையும் நெளிவுகளையும் தாளில் எழுதிக் காட்ட இயலவில்லை என்று அவர்களே முன்னுரையில் ஒப்புக்கொண்டார்கள்.

விடுதலைக்குப்பின் 1866-இல் நாஷ்வில் நகரில் ஃபிஸ்க் கல்வி நிறுவனம் தொடங்கப்பட்டது. சில ஆண்டுகளிலேயே அது கடனில் மூழ்கியது. நிதி திரட்டுவதற்காக 1871 அக்டோபர் 6 அன்று ஒன்பது இளம் பாடகர்கள் பயணம் புறப்பட்டனர். அவர்களில் பெரும்பாலோர் அடிமைகளாகப் பிறந்தவர்கள். முன்னோரின் ஸ்பிரிச்சுவல் பாடல்களை அயலார் முன்னிலையில் பாட முதலில் அவர்கள் தயங்கினார்கள். அவை பெற்றோர் வழிபாட்டில் பாடிய புனிதப் பாடல்கள். அரங்கேற்றத்திற்கு உரியவை அல்ல என்பது அவர்களின் எண்ணம். ஆயினும் அப்பாடல்களே கேட்டவர்களின் உள்ளத்தை உருக்கின. 1873-இல் அவர்கள் இங்கிலாந்தில் விக்டோரியா மகாராணியின் முன்னிலையில் பாடினர். திரட்டிய பொருளால் எழுந்த ஜூபிலி ஹால் என்ற கட்டடம் 1876-இல் திறக்கப்பட்டது. வழிபாட்டுப் பாடல் மேடைக்கு வரும்போது அது வழிபாடாகவே நிற்குமா என்ற கேள்வி அன்றே பிறந்துவிட்டது.

சோகத்தில் பிறந்த ஒரு பாடல்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லட்சக்கணக்கான கறுப்பின மக்கள் தென்பகுதிக் கிராமங்களை விட்டு சிகாகோ, டெட்ராய்ட் முதலிய வடபகுதித் தொழில் நகரங்களுக்குக் குடிபெயர்ந்தனர். இன்று நாம் அறியும் காஸ்பெல் இசை அந்நகரங்களின் சபைகளில் உருவாயிற்று. அதன் தந்தை என்று போற்றப்படுபவர் தாமஸ் டார்சி (1899–1993). ஜார்ஜியாவில் போதகர் ஒருவரின் மகனாகப் பிறந்த அவர், சிகாகோவில் 'ஜார்ஜியா டாம்' என்ற பெயரில் 'ப்ளூஸ்' என்னும் கேளிக்கை இசையில் புகழ்பெற்ற பியானோ கலைஞரானார். பின்னர் பக்திப் பாடல்களை இயற்றத் தொடங்கினார். கேளிக்கை விடுதியின் வாடை வீசுகிறது என்று கூறிப் பல சபைகள் அவற்றை ஏற்க மறுத்தன.

1932 ஆகஸ்டில், நிறைமாதக் கர்ப்பிணியான மனைவி நெட்டியை சிகாகோவில் விட்டுவிட்டு, செயின்ட் லூயிஸ் நகரில் வழிபாட்டுக் கூட்டமொன்றில் பாடச் சென்றார் டார்சி. அங்கிருக்கும்போதே தந்தி வந்தது: பிரசவத்தில் மனைவி இறந்துவிட்டார். திரும்பி வந்தபின், பிறந்த ஆண் குழந்தையும் இறந்தது. தாயையும் சேயையும் ஒரே பெட்டியில் வைத்து அடக்கம் செய்தனர். கடவுள் தமக்கு அநீதி இழைத்துவிட்டார் என்று டார்சி மனம் கசந்தார். பக்திப் பாடல்களை விட்டு ப்ளூஸ் இசைக்கே திரும்பிவிடவும் எண்ணினார். சில நாட்களுக்குப்பின் நண்பர் தியோடர் ஃபிரையின் துணையுடன் ஒரு பியானோவின் முன் அமர்ந்தபோது, பழகிய பழைய துதிப்பாடல் ஒன்றின் மெட்டு விரல்களில் வந்தது. அதனோடு புதிய சொற்களும் வந்தன. தளர்ந்து சோர்ந்த ஒருவன் தன் கையைப் பற்றி நடத்துமாறு இறைவனிடம் மன்றாடும் பாடல் அது.

இதில் நமக்கொரு பாடம் உண்டு. மெட்டு பழையது, பியானோ வாசிப்பின் நெளிவுகள் ப்ளூஸ் இசையில் பல ஆண்டுகள் பழகியவை. நுட்பத்தில் எதுவும் அன்று வானிலிருந்து இறங்கவில்லை. எனினும் அத்தனை நுட்பமும் கைவசம் இருந்த மனிதரால் அதற்கு முந்தைய நாட்களில் பிரார்த்தனை செய்யக்கூட முடியவில்லை. நெஞ்சம் உடைந்து சரணடைந்த கணத்தில், பழகிய கைகள் அச்சரணாகதிக்கு வடிவம் கொடுத்தன. 1968 ஏப்ரல் 4 அன்று மெம்பிஸ் நகரில் மார்ட்டின் லூதர் கிங் சுடப்படுவதற்குச் சற்று முன்னர், அன்றிரவுக் கூட்டத்தில் வாசிக்குமாறு இசைக்கலைஞர் ஒருவரிடம் அவர் கேட்டுக்கொண்ட பாடல் இதுவே. சில நாட்களுக்குப்பின் அவரது இறுதிச் சடங்கில் மஹேலியா ஜாக்சன் அதனைப் பாடினார்.

நுட்பங்கள் ஐந்து

இனி இவ்விசையின் உறுப்புகளைக் காண்போம். நமது இசைச் சொற்களை இயன்றவரை துணைக்குக் கொள்வோம்.

முதலாவது, அழைப்பும் மறுமொழியும். ஒருவர் ஓர் அடியைப் பாட, சபையினர் மறுமொழி பாடுகிறார்கள். நூல்கள் இல்லாத காலத்தில் தலைவர் துதிப்பாடலின் ஓர் அடியை விரைவாகச் சொல்ல, சபை அதனை மிக மெதுவாக, ஒவ்வொருவரும் தத்தம் வளைவுகளோடு பாடும் வழக்கம் இருந்தது. காஸ்பெல் இசையில் இது பாட்டோடு நிற்பதில்லை. போதகரின் உரைக்கும் சபை 'ஆமென்' என்று இடையிடையே மறுமொழி அளிக்கிறது. சபையின் மறுமொழி இல்லையேல் பாடல் முழுமை பெறாது. அங்கே பார்வையாளர் என்று எவரும் இல்லை.

இரண்டாவது, குரலின் வளைவு. ஓர் அசையைப் பல ஸ்வரங்களின்மேல் இழுத்து நெளித்துப் பாடுவது இம்மரபின் தனிச்சிறப்பு. காந்தாரமும் நிஷாதமும் மேற்கத்திய இசையின் வரையறுத்த இடங்களில் நில்லாமல், சற்றுத் தாழ்ந்து இரண்டு ஸ்தானங்களுக்கும் நடுவே அசையும். கமகம் அறிந்த நமது செவிக்கு இது அந்நியமாகத் தோன்றாது. சொற்கள் தீர்ந்துபோகும் இடத்தில் வாய்மூடிய முனகல் தொடங்கும். 'முனகிப் பிரார்த்தித்தால் சாத்தானுக்கு ஒன்றும் புரியாது' என்று அச்சபைகளின் பெரியோர் சொல்வதுண்டு. வேடிக்கைபோல் தோன்றினாலும் அதன் பொருள் ஆழமானது: சொல்லுக்கு அப்பால் செல்லும் பிரார்த்தனையை மனத்தின் தந்திரங்கள் தொடர முடிவதில்லை.

மூன்றாவது, தாளம். மெதுவான பாடல்களில் நான்கு அடிகள் கொண்ட சுற்றில் ஒவ்வோர் அடியும் மூன்றாகப் பிரிந்து திஸ்ர நடையில் செல்லும். கைத்தட்டல் முதல் அடியில் விழுவதில்லை. இரண்டாவதிலும் நான்காவதிலும் விழும். அழுத்தம் இவ்வாறு இடம் மாறுவதால் உடல் ஓயாமல் முன்னோக்கி இழுக்கப்படுகிறது. நிலைகொள்ள இடமின்றி, பாடலோடு நகர்ந்தே தீரவேண்டியிருக்கிறது.

நான்காவது, 'வாம்ப்' என்னும் சுழற்சி. பாடலின் சரணங்கள் முடிந்தபின், ஒரு சிறிய சொற்றொடரை மட்டும் எடுத்துக்கொண்டு குழு அதனையே திரும்பத் திரும்பப் பாடும். ஒவ்வொரு சுற்றிலும் ஏதேனும் ஒன்று கூடும்: முதலில் ஒரு குரல்வகை, பிறகு அடுத்தது, பிறகு மூன்று குரல்வகைகளும் மேல் ஸ்தாயிக்கு ஏறும், பிறகு ஆதார சுருதியே அரை ஸ்வரம் உயரும். நமது கச்சேரியில் தம்புராவின் சுருதி மாறாத நிலம் போன்றது. அதன்மேல்தான் எல்லாம் நிற்கும். இங்கோ அந்த நிலமே உயர்கிறது! சில வேளைகளில் வாத்தியங்கள் அனைத்தும் திடீரென நின்றுவிட, குரல்களும் கைத்தட்டலும் மட்டும் எஞ்சும். அவ்வேளையில் தலைமைப் பாடகர் எழுதிவைத்த வரிகளை விட்டு, தம் வாழ்வில் கண்ட அருளைச் சாட்சியமாகப் பாடத் தொடங்குவார்.

ஐந்தாவது, ஆர்கன் வாத்தியம். 1935-இல் விற்பனைக்கு வந்த ஹாமண்ட் மின் ஆர்கன், பெரிய குழாய் ஆர்கனை வாங்க இயலாத எளிய சபைகளுக்கு வரமாக அமைந்தது. போதகரின் உரை உச்சத்தை நெருங்கும்போது அவரது பேச்சே மெல்ல மெல்லச் சுருதியில் சேர்ந்து பாட்டாகும். அப்போது ஆர்கன் வாசிப்பவர் அவரது ஒவ்வொரு வாக்கியத்திற்கும் இசையால் மறுமொழி தருவார். பேச்சு எங்கே முடிகிறது, பாட்டு எங்கே தொடங்குகிறது என்று பிரித்துக் காட்ட முடியாது. இதன் உச்சத்தில் தாளம் விரைந்து, சபையில் சிலர் எழுந்து ஆடுவார்கள். சிலர் கண்ணீர் விடுவார்கள். சிலர் உடல் நினைவிழந்து விழுவார்கள். அருகிலிருப்போர் அவர்களைத் தாங்கிக்கொள்வார்கள்.

ஓர் உதாரணம்

1972 ஜனவரி 13, 14 ஆகிய இரு இரவுகளில், லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் சபை ஒன்றில் அரீதா ஃபிராங்க்ளின் பாடிய பாடல்கள் ஒலிப்பதிவு செய்யப்பட்டன. அப்போது அவருக்கு வயது 29. உலகப் புகழின் உச்சியில் இருந்தார். சிறுமியாக டெட்ராய்ட் நகரில் தந்தையின் சபையில் பாடி வளர்ந்தவர் அவர். பியானோ வாசித்துக் குழுவை வழிநடத்தியவர் காஸ்பெல் இசையின் பேராசான்களுள் ஒருவரான ஜேம்ஸ் கிளீவ்லாந்து. அன்று படமெடுக்கப்பட்டது 2018-இல்தான் திரைக்கு வந்தது.

அங்கே அவர் பாடியவற்றுள் ஒன்று 'அமேசிங் கிரேஸ்', அதாவது 'வியத்தகு அருள்' என்ற துதிப்பாடல். அதனை இயற்றிய ஜான் நியூட்டன் (1725–1807) அடிமைகளை ஏற்றிச்செல்லும் கப்பலின் தலைவராக இருந்தவர். 1748-இல் கடும் புயலில் சிக்கியபோது இறைவனை நோக்கித் திரும்பினார். ஆயினும் அதன்பின்னரும் சில ஆண்டுகள் அந்தக் கொடிய வாணிபத்தை அவர் விடவில்லை. பின்னர் போதகரானார், 1772-இல் இப்பாடலை எழுதினார், 1788-இல் அடிமை வாணிபத்தைக் கண்டித்துத் தமது பங்கையும் ஒப்புக்கொண்டு ஒரு சிறுநூல் வெளியிட்டார். மனமாற்றம் ஒரு கணத்தில் தொடங்கலாம். அது வாழ்க்கை முழுவதும் பரவப் பல ஆண்டுகள் ஆகலாம் என்பதற்கு அவர் வாழ்வே சான்று.

அடிமைக் கப்பலின் தலைவர் எழுதிய அந்தப் பாடலை அடிமைகளின் சந்ததியினர் தங்கள் பாடலாக்கிக்கொண்டனர். அரீதா அதன் ஒரு சில அடிகளை மட்டுமே பத்து நிமிடங்களுக்கும் மேலாகப் பாடுகிறார். தாளக்கட்டு தளர்ந்துவிடுகிறது. ஒரு சொல்லை எடுத்து, நிறுத்தி, வளைத்து, அதனுள் தங்கி, சபையின் மறுமொழியைப் பெற்று, பிறகே அடுத்த சொல்லுக்கு நகர்கிறார். நடுவில் ஜேம்ஸ் கிளீவ்லாந்து முகத்தை மூடிக்கொண்டு அழுவதைப் படத்தில் காணலாம். இந்த நுட்பம் ஒவ்வொன்றும் எவ்வாறு செய்யப்படுகிறது என்று அங்கிருந்தோருள் மிக நன்றாக அறிந்தவர் அவரே! அந்த அறிவு அவரைத் தடுக்கவில்லை. நுட்பத்தின் இரகசியம் தெரிந்தால் அனுபவம் பொய்த்துவிடும் என்று எண்ணுவோர் இதனைச் சிந்திக்க வேண்டும்.

நுட்பம் அருளை வரவழைக்குமா?

இனி முதற்கேள்விக்கு வருவோம். அச்சபைகளின் பக்தர்கள் என்ன சொல்கிறார்கள்? பரிசுத்த ஆவி தன் விருப்பப்படியே வருகிறது. எந்தப் பாடகரும் அதற்குக் கட்டளையிட முடியாது என்பதே அவர்கள் நம்பிக்கை. அதே பாடல், அதே குழு, அதே சுழற்சி. ஒரு ஞாயிறு சபை முழுவதும் உருகுகிறது, மறு ஞாயிறு ஒன்றும் நிகழ்வதில்லை. சில நாட்களில் பயிற்சி பெற்ற குரல் எவரையும் தொடாமல் போக, சுருதி விலகிய ஒரு மூதாட்டியின் நடுங்கும் குரல் அனைவரையும் அழவைத்துவிடுகிறது. 'அபிஷேகம் பெற்றுப் பாடுவது' வேறு, திறமையால் பாடுவது வேறு என்று அவர்கள் தெளிவாகப் பிரிக்கிறார்கள். ஆனால் அதே பாடகர்கள் வாரந்தோறும் மணிக்கணக்காகப் பயிற்சி செய்யவும் தவறுவதில்லை.

இதில் முரண்பாடு உள்ளதா? தர்க்கரீதியாகப் பார்த்தால் இல்லை. ஒரு விளைவுக்கு உதவும் துணை வேறு. அதனைத் தன்னளவிலேயே விளைவிக்கும் காரணம் வேறு. பதஞ்சலி முனிவர் யோக சூத்திரத்தின் கைவல்ய பாதத்தில் ஓர் உழவனை உவமையாகக் காட்டுகிறார். உழவன் நீரை உண்டாக்குவதில்லை, அதனைத் தள்ளிக்கொண்டு போவதுமில்லை. வரப்பை வெட்டித் தடையை நீக்குகிறான். நீர் தன் இயல்பால் வயலில் பாய்கிறது. குருதேவர் ஸ்ரீராமகிருஷ்ணர் அருளாகிய காற்று எப்போதும் வீசிக்கொண்டிருப்பதையும், நாம் பாயை விரிக்க வேண்டியிருப்பதையும் கூறியது வாசகர்கள் அறிந்ததே.

காஸ்பெல் இசையின் ஒவ்வொரு நுட்பமும் ஒரு வரப்பை வெட்டுகிறது. அழைப்பும் மறுமொழியும் 'நான் தனியன்' என்ற எண்ணத்தை அறுக்கின்றன. முனகல், சொற்களில் ஒளிந்துகொள்ளும் மனத்தைச் சொல்லற்ற இடத்திற்கு அழைத்துச் செல்கிறது. இடம் மாறிய தாளம் உடலின் இறுக்கத்தைத் தளர்த்துகிறது. ஒரே சொற்றொடரின் சுழற்சி, பல திசைகளில் ஓடும் மனத்தை ஒருமுகப்படுத்துகிறது. இதன் பயனை நாம ஜபம் செய்வோருக்கு விளக்க வேண்டியதில்லை. இவை அனைத்தும் தடைகளை நீக்கும் செயல்கள். தடை நீங்கியபின் பாய்வது எதுவோ, அது இசைக்கலைஞரின் படைப்பன்று.

இங்கே ஒரு வேறுபாட்டை மறைக்காமல் குறிப்பிட வேண்டும். வேதாந்தி, உள்ளே என்றும் உள்ள ஆன்மாவின் ஒளி தடை நீங்கி வெளிப்பட்டது என்பான். காஸ்பெல் பக்தரோ, தம்மினும் வேறான இறைவனின் ஆவி மேலிருந்து தம்மீது இறங்கியது என்பார். இரண்டும் ஒன்றே என்று அவசரப்பட்டுக் கூறிவிடுவது அவர்களின் அனுபவத்திற்கு நாம் செய்யும் மரியாதையாகாது. அவர்கள் சொல்வதை அவர்களின் சொற்களிலேயே முதலில் கேட்க வேண்டும்.

பரவசத்தின் உரைகல்

இன்னொரு வலுவான ஆட்சேபம் உண்டு. தாளமும் கூட்டமும் சேர்ந்தால் விளையாட்டு அரங்கில்கூட மக்கள் தம்மை மறக்கிறார்கள். அந்த ஆரவாரத்திற்கும் இந்தப் பரவசத்திற்கும் என்ன வேறுபாடு? வெளித்தோற்றத்தைக் கொண்டு இதற்கு விடைகாண முடியாது. கண்ணீரையும் நடுக்கத்தையும் நடிக்க முடியும்; நடிக்கிறோம் என்று தெரியாமலேயே நடிக்கவும் முடியும்.

குருதேவரின் பரவச நிலைகளைக் கண்ட இளைஞர் சிலர் அவற்றைப் போலத் தாமும் ஆக முயன்றபோது, வாழ்வில் நிலையான மாற்றம் விளைவிக்காத உணர்ச்சிப் பெருக்கால் பயனில்லை என்று நரேந்திரர் அவர்களைக் கடுமையாக எச்சரித்தார். கறுப்பினச் சபைகளில் வழங்கும் முதுமொழி ஒன்றும் இதையே கூறுகிறது: எவ்வளவு உயரம் குதித்தாய் என்பது பெரிதன்று, இறங்கிய பின் எவ்வளவு நேராக நடக்கிறாய் என்பதே பெரிது. ஞாயிறு கண்ட பரவசத்தைத் திங்கட்கிழமை சோதிக்கிறது.

அந்தச் சோதனையில் இம்மரபு தேறியதா? வரலாறு விடை கூறுகிறது. 1961 டிசம்பரில் ஜார்ஜியா மாநிலத்தின் ஆல்பனி நகரில் நிறவெறிக்கு எதிராக அறவழிப் போராட்டம் நடந்தது. முதல் ஊர்வலம் முடிந்து சபையில் கூடியபோது, பெர்னிஸ் ஜான்சன் என்ற கல்லூரி மாணவியைப் பாடச் சொன்னார்கள். அவர் பழைய ஸ்பிரிச்சுவல் ஒன்றைத் தொடங்கினார். 'துன்பம்' என்று வரவேண்டிய இடத்தில் 'விடுதலை' என்ற சொல்லை வைத்துப் பாடினார். மறுமொழி மரபு தெரிந்த சபை அக்கணமே அதைப் பற்றிக்கொண்டது. அந்தப் பாடல்களைப் பாடிக்கொண்டே மக்கள் சிறைக்குச் சென்றார்கள். 1963 செப்டம்பர் 15 அன்று பர்மிங்காம் நகரில் சபைக் கட்டடத்தில் வெடிகுண்டு வைக்கப்பட்டு நான்கு சிறுமிகள் கொல்லப்பட்டனர். அதன்பின்னரும் அவர்கள் சபைக்கு வருவதை நிறுத்தவில்லை, பாடுவதை நிறுத்தவில்லை, திருப்பி அடிக்கவுமில்லை. இறையனுபவத்தின் அடையாளமாக உபநிடதங்கள் கூறுவது அபயம், அச்சமின்மை. விளையாட்டு அரங்கின் ஆரவாரம் அதைத் தருவதில்லை.

நம் நாட்டோடு ஓர் உறவு

இம்மரபு நமக்கு முற்றிலும் புதியதன்று. 1936 பிப்ரவரியில் கறுப்பினச் சிந்தனையாளர் ஹவர்ட் தர்மன், மனைவி சூ பெய்லியுடனும் பிறருடனும் பர்தோலியில் மகாத்மா காந்தியைச் சந்தித்தார். நெடுநேர உரையாடலுக்குப்பின் காந்திஜி அவர்களிடம் தங்கள் பாடல்களைப் பாடுமாறு கேட்டுக்கொண்டார். அவர்களும் இரண்டு ஸ்பிரிச்சுவல் பாடல்களைப் பாடினர். அகிம்சையின் கலப்பற்ற செய்தி உலகிற்குக் கறுப்பின மக்கள் வாயிலாகவே கிடைக்கக்கூடும் என்று காந்திஜி அப்போது கருத்துத் தெரிவித்தார். நாடு திரும்பிய தர்மன், அடிமைகளின் பாடல்கள் உலகை விட்டு ஓடும் ஆறுதல் அல்ல, 'நான் இறைவனின் குழந்தை' என்ற உறுதியால் மனிதன் தன் மதிப்பைக் காத்துக்கொண்ட வழி என்று எழுதினார்.

1971-இல் மஹேலியா ஜாக்சன் இந்தியா வந்து, கல்கத்தா, புதுதில்லி, பம்பாய் ஆகிய நகரங்களோடு சென்னையிலும் பாடினார். அடுத்த ஆண்டு ஜனவரியில் அவர் மறைந்தார். எவ்வளவு பணம் தருவதாகச் சொன்னபோதும் கேளிக்கை விடுதிகளில் பாட வாழ்நாள் முழுவதும் மறுத்தவர் அவர்.

சுவாமி விவேகானந்தர் அமெரிக்காவின் தென்பகுதியில் பயணம் செய்தபோது, அவரைக் கறுப்பினத்தவர் என்று கருதிச் சில விடுதிகளில் இடம் மறுத்தனர். தாம் யார் என்று சொல்லியிருந்தால் சலுகை கிடைத்திருக்கும்; சுவாமிஜி சொல்லவில்லை. மற்றொருவரைத் தாழ்த்தி அதனால் தாம் உயர்வதை அவர் ஏற்கவில்லை என்று அவரது வாழ்க்கை வரலாறு கூறுகிறது. அம்மக்களின் பக்தி மரபை நாம் எத்தகைய மனநிலையோடு அணுக வேண்டும் என்பதற்கு இதைவிடச் சிறந்த வழிகாட்டுதல் வேண்டுமா?

சாதகர்களுக்கு

மேற்கண்ட ஆராய்ச்சியிலிருந்து நமது அன்றாட சாதனைக்கு உரிய சில கருத்துகளைத் தொகுத்துக்கொள்வோம்.

ஒன்று: பஜனைக்கு முறையான பயிற்சி தேவை. 'பாவம் இருந்தால் போதும், சுருதியும் தாளமும் எதற்கு?' என்பது பெரும்பாலும் சோம்பலின் குரல். நன்கு பழகிய நுட்பமே கவனத்தைக் கேட்காமல் தானாக இயங்கும். அப்போதுதான் மனம் முழுவதும் இறைவனிடம் செல்ல இயலும்.

இரண்டு: பஜனையில் கேட்பவராக மட்டும் அமர்ந்துவிடாதீர்கள். மறுமொழி பாடுங்கள். குரல் நன்றாக இல்லை என்ற கூச்சமும் அகங்காரத்தின் ஒரு வடிவமே.

மூன்று: பல பாடல்களை விரைந்து முடிப்பதைவிட, ஒரு நாமத்திலேயே நீண்ட நேரம் தங்கிப் பழகுங்கள்.

நான்கு: பரவசத்தை எதிர்பார்த்துப் பாடாதீர்கள், வராவிட்டால் சோர்ந்துவிடவும் வேண்டாம். அருகில் ஒருவர் கண்ணீர் விட்டால் அது உண்மையா நடிப்பா என்று எடைபோடுவதும் நம் வேலையன்று. அவர் விழாமல் தாங்கிக்கொள்வதே நாம் செய்யத்தக்கது.

ஐந்து: மறுநாள் காலையில் நம்மையே சோதித்துப் பார்ப்போம். வீட்டிலும் அலுவலகத்திலும் நம் சொல்லில் கடுமை சிறிதேனும் குறைந்திருக்கிறதா? அச்சம் சிறிதேனும் நீங்கியிருக்கிறதா? நம்மால் தாழ்வாக நடத்தப்படும் ஒருவரை நிமிர்ந்து நோக்கும் கண் வந்திருக்கிறதா? 'ஆம்' என்று நேர்மையாகச் சொல்ல முடிந்தால், முந்தைய நாள் பஜனையில் நிகழ்ந்தது என்ன என்று வேறு எவரையும் கேட்க வேண்டியதில்லை. அத்தகைய பக்தி நமக்கு வாய்க்க குருதேவர் அருள்புரிவாராக.